அந்தரத்தில் கண்ணாடித் தரை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "ஓனர் இல்லீங்களா?" என்றுதான். கலசப்பாக்கத்தில் 'காந்தா கிளாஸ் அண்ட் அலுமினியம்' என்று ஆள் உயரத்துக்கு போர்டு வைத்திருக்கிறேன். உள்ளே கையில் டேப்போடு நான் நிற்கிறேன். போர்டைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து யாராவது ஆம்பளை வருகிறானா என்று எட்டிப் பார்க்கிறார்கள். "ஓனர் டீ குடிக்கப் போயிருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நானே எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, "சொல்லுங்க, ஓனர் வந்தாச்சு" என்பேன். எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தொழில் தெரிந்தவளுக்கு அது இருக்கலாம்.

மாதம்மாள் அப்படிக் கேட்கவில்லை. தை மாதம் முடிகிற சமயம், மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜீப்பும் பஸ்ஸுமாக மாறி இறங்கி, நேராகக் கடைக்குள் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இதுல எது மேல ஏறி நிக்கலாம்?"

இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்ததில்லை. குளியலறைக்கு எது, ஷோரூமுக்கு எது, வெயில் தணிய எது, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே தெரியாமல் இருக்க எது என்றெல்லாம் கேட்பார்கள். நானும் பனி படிந்தாற்போல் மங்கலாக இருப்பதைக் காட்டுவேன், சாயம் ஏற்றியதைக் காட்டுவேன், ஏசி அறைக்கு நடுவில் காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடியைக் காட்டுவேன். ஏறி நிற்க யாரும் கேட்டதில்லை.

"எதுக்குக்கா ஏறி நிக்கணும்?" என்றேன்.

"பள்ளத்தப் பாக்க."

உட்கார வைத்து விசாரித்தேன். மாதம்மாளுக்கு அவர் அப்பா எழுதிக் கொடுத்த நிலம் மலை விளிம்பில் இருக்கிறது. பாதி பாறை. சாமைகூட அரைமனதாகத்தான் விளையும். ஆனால் அந்த முனையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். டூரிஸ்டுகள் வந்து பாறை நுனியில் நின்று போட்டோ எடுக்கிறார்கள், எப்போது எவன் வழுக்கி விழுவானோ என்று இவருக்குப் பயம். அங்கே இரும்புச் சட்டம் நீட்டி, கைப்பிடி போட்டு, கண்ணாடித் தரையோடு ஒரு மேடை கட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் பத்திரமாகப் பார்ப்பார்கள். பக்கத்தில் சாமைச் சோறும் பலாப்பழமும் தேனும் விற்கலாம். ஊரில் இருக்கும் மகளிர் குழு அதை நடத்தும். அனுமதி வாங்கியாகிவிட்டது. இரும்பு வேலைக்கு வேலூர் இன்ஜினியர் பிரியதர்ஷினி வரைபடம் போட்டுவிட்டார். கண்ணாடிக்கு என் பெயரைச் சொன்னதும் அவர்தான்.

பிரியதர்ஷினி சொன்னார் என்றதும் எனக்குப் பாதி சந்தேகம் போயிற்று. அந்தப் பெண் கணக்கில் புலி. இனி மாதம்மாளின் சந்தேகத்தை நான் போக்க வேண்டும். மேஜைக்கு அடியில் மாதிரித் துண்டுகள் வைத்திருப்பேன். மூன்றை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தேன்.

"மொதல்ல இது. சாதாரண ஜன்னல் கண்ணாடி" என்று சுத்தியால் தட்டினேன். கத்தி கத்தியாகச் சிதறியது. "இது ஆளை அறுக்கும். கால் வைக்கிற எடத்துல இத எவன் போட்டாலும் அவனை ஜெயில்ல போடணும்."

அடுத்தது டஃபன்டு கண்ணாடி. நடுவில் ஓங்கி அடித்தேன், சுத்திதான் எகிறியது. விளிம்பில் சின்னதாக ஒரு தட்டு. மொத்தமும் கல்லுப்பாக உதிர்ந்தது. மாதம்மாள் ஒரு மணியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். அது குத்தவில்லை.

"மூஞ்சில அடிச்சா தாங்குது, ஓரத்துல தொட்டா செத்துப்போகுது" என்றார்.

"அவ்ளோதான் விஷயம். அதனால ஓரத்த இரும்புப் பட்டைக்குள்ள ஒளிச்சு வெப்போம். இப்ப மூணாவது பாருங்க." அது லாமினேட்டட். இரண்டு டஃபன்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக ஒட்டியது. ஓரத்தில் அடித்தேன். மேல் கண்ணாடி நொறுங்கி வெளுத்துப்போயிற்று. ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. "ஒங்க மேடைக்கு இந்த மாதிரி மூணு அடுக்கு. மேல் அடுக்கு ஒடஞ்சாலும் கீழ ரெண்டு தாங்கும். ஒடையும், ஆனா வுழாது."

மாதம்மாள் தலையாட்டிவிட்டு எழுந்தார். படி இறங்கப் போனவர் நின்றார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இது புடிக்கல. கண்ணாடி போட்டா ஒன்னோட பேச மாட்டேன்னாரு."

"அப்புறம்?"

"பேசறதில்ல" என்றார்.

அந்தப் பேச்சில்லாமை எப்படிப்பட்டது என்பது அளவெடுக்க மலைக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மலைக்கு ஆளேற்றும் ராஜ்குமாரின் ஜீப்பில், மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில் இடுப்பு ஒடிய உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். மாதம்மாளின் கணவர் கருப்பன் பலாமரத்தடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்று எனக்கு ஒரு தலையசைப்பு. பிறகு மாட்டைப் பார்த்துப் பேசினார்.

"செவலை, வந்துட்டாங்கடா கண்ணாடிக்காரம்மா. மண்ணு மேல நின்னா பத்தலையாம் சில பேருக்கு. அந்தரத்துல நிக்கணுமாம்."

மாதம்மாள் எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே, "மாட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்ல" என்றார், சுவரைப் பார்த்து.

சாப்பாடு போட வேண்டுமென்றால் தட்டை டங்கென்று வைப்பார் இவர். வேண்டாமென்றால் செவலையிடம் வயிறு சரியில்லை என்பார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் சிரிப்புக்கு உரியது இல்லை. நிலம் மாதம்மாளுடையது, ஊர் கருப்பனுடையது. ஊருக்குத் தலைவர், ஊர்க்கவுண்டர் சடையன், அவருடைய பெரியப்பா மகன். ஊரில் பெரும்பாலான வீடுகள் அவர் பங்காளிகள். கருப்பன் கால் வைக்காத இடத்தில் அவர்களும் வைக்கமாட்டார்கள், தங்கள் வீட்டுப் பெண்களையும் வைக்கவிட மாட்டார்கள். குழுவில் இருப்பதோ அந்த வீட்டுப் பெண்கள். அவர்கள் வராவிட்டால் மேடை இருந்தும் இல்லாததுதான்.

முனையில் நான் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கருப்பன் வந்து சற்றுத் தள்ளி நின்றார். மாடும் கூடவே வந்தது.

"இந்த மொனையில எங்க தாத்தன் பூட்டன் யாரும் கால வெச்சதில்ல. காத்து வர்ற வழி. எங்க மலைச்சாமி, தாயி வர்ற வழி" என்றார். இதை மாட்டிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

"வரட்டும்ணா. தாயி வர்றதத்தான் கண்ணாடி மறைக்காதே."

அவர் யோசித்தார். "அது இன்னாத்துல செய்யறாங்க?"

"மணல்ல."

"மணல்லயா!" அவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. "மணலு மேல வூடே நிக்காது. ஆளு நிப்பானா?"

எனக்கு வந்ததே கோபம். டேப்பைக் கீழே போட்டேன். "உக்காருங்க, சொல்றேன். சும்மா ஆத்து மணல் இல்ல, நல்ல வெள்ளை மணல். அதோட சோடா உப்பு, சுண்ணாம்புக்கல்லு, ஒடஞ்ச பழைய கண்ணாடியும் கொஞ்சம். எல்லாத்தையும் ஒலையில போட்டு, பாகு மாதிரி உருகற வரைக்கும் காய்ச்சுவாங்க. அந்தப் பாகை எதுமேல ஊத்துவாங்க தெரியுமா? உருகின ஈயம் மேல. தகரத்துக்குப் பூசறாங்களே, அந்த வெள்ளீயம். அது ஒரு பெரிய தொட்டி நெறைய கொளம் மாதிரி நிக்கும். கண்ணாடிப் பாகு அது மேல எண்ணெய் மாதிரி மெதந்து பரவும். எந்த ஆளும் தேய்க்க வேணாம், இழைக்க வேணாம். தானா மட்டமா வந்து நிக்கும். அப்பறம் மெதுவா, அவசரப்படாம ஆற வெப்பாங்க. அதுதான் ஜன்னல் கண்ணாடி."

"நிக்கறதுக்கு?"

"அதையே அளவா வெட்டி, ஓரம் தேய்ச்சு, மறுபடி சிவக்கக் காய்ச்சி, ரெண்டு பக்கமும் குளுந்த காத்த சட்டுனு ஊதுவாங்க. மேல்தோலு மொதல்ல இறுகிப்போகும். உள்ள இருக்கறது பின்னால ஆறிச் சுருங்கும். சுருங்கும்போது தோலப் புடிச்சு உள்ளாற இழுக்கும். அந்த இழுவையிலதான் பலம். ஆனா அதுக்கப்புறம் ஒரு நூல் அளவு கூட அத வெட்ட முடியாது. வெட்டினா மொத்தமா போய்டும். அதனாலதான் இங்க வந்து மயிரிழை பாத்து அளவெடுக்கறேன்."

கருப்பன் ஊதிக் காட்டிய என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "செவலை, நெருப்புல காய்ச்சி காத்துல ஆத்தறாங்களாம்டா" என்றார். மனிதர் கேட்டுத்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அளவை நான் காகிதத்தை நம்பி விடவில்லை. ஒவ்வொரு கண்ணாடிப் பலகையின் அளவுக்கும் ப்ளைவுட்டை வெட்டி, இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்த்து, அந்த ப்ளைவுட்டையே தொழிற்சாலைக்கு அனுப்பினேன். கண்ணாடிகள் வந்து சேர ஆடி ஆகிவிட்டது. பெரிய வண்டி கடைசித் திருப்பத்துக்கு மேல் வராது. அங்கிருந்து குழுப் பெண்கள் கயிறும் கம்பளியும் சுற்றி, ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் ஆளாக, பிணத்தைத் தூக்குவதைவிடப் பயபக்தியாகத் தூக்கி வந்தார்கள். ஆறு பலகையும் கீறல் இல்லாமல் உட்கார்ந்தன. முதல் பலகையிலேயே கீழே பாறை முடிந்துவிடும். அதற்கப்புறம் காற்றுதான்.

பாரம் வைத்துப் பார்க்கிற நாளில் பிரியதர்ஷினி வந்திருந்தார். மணல் மூட்டைக்குப் பதில் சாமை மூட்டைகள். ஒவ்வொரு பலகையிலும் மேலே மேலே அடுக்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் அளந்தார். தாராளமாகத் தாங்குகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த மூட்டைகளில் பாதி கருப்பன் வீட்டு மூட்டைகள். தான் விளைவித்தது அந்தரத்தில் ராத்தங்கியதை அவர் பலாமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்று மாதம்மாள் சொன்னார்.

"வருவாராக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல. இந்த வூட்ல ஒரு பேச்சு சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சு காந்தா" என்றார். எப்போதும் விறைப்பாகப் பேசுகிற மனுஷி, அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்ச் சண்டைக்காரி. பேசாமல் சண்டை போடுகிறவர்கள் எப்படித்தான் சோறு தின்கிறார்களோ என்று தோன்றியது.

ஆவணியில் திறப்பு வைத்தார்கள். பெரிய ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை, ஊர்க்கவுண்டர் சடையன்தான் திறக்க வேண்டும். முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டதால் எனக்கு ஒரு வேலை மிச்சம் நின்றது. முதல் பலகையின் முன் விளிம்பை மூடும் ஸ்டீல் பட்டை. விளிம்பில் போட்ட பசை காயாமல் அதைத் திருகிப் பொருத்த முடியாது. நல்ல நேரம் போகிறது என்று சடையன் கவுண்டர் அவசரப்படுத்தினார். "சரி, பூஜை முடியட்டும், பட்டைய மத்தியானம் வெச்சுக்கலாம்" என்று சொன்னேன். சொன்னது நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

தேங்காய் உடைக்கத் தனியாக ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து மேடைக்கு வெளியே போட்டிருந்தேன். கற்பூரமும் அங்கேதான். கண்ணாடி மேல் எதுவும் உடைக்கக் கூடாது என்று நான் கத்திக் கத்திச் சொன்னதில், நண்டு சிண்டெல்லாம் அதை என் குரலிலேயே சொல்லிக் காட்டின. குழுப் பெண்கள் புதுப் புடவையில் வரிசையாக நின்றார்கள். பங்காளிகள் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு. எல்லோருடைய கண்ணும் பலாமரத்துப் பக்கமே இருந்தது.

கருப்பன் வந்தார். குளித்து, நெற்றியில் விபூதி, வெளுத்த வேட்டி, இடுப்பில் கொடுவாள், கையில் உரித்த தேங்காய். மாடு வரவில்லை. யாரையும் பார்க்காமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மாதம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். பங்காளிகள் கட்டின கையை அவிழ்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் கருங்கல்லைத் தாண்டிப் போகிறாரே என்று எனக்கு உறைக்கவில்லை.

நான் சொல்லிக் கத்தின நாளில் அவர் அங்கே இல்லை. அவர் கணக்கு வேறு. புது வீடு என்றால் அந்த வீட்டு வாசற்படியில் உடைப்பார்கள், புதுக் கிணறு என்றால் அதன் விளிம்புக் கல்லில். எங்கோ கிடக்கிற கல்லில் உடைத்தால் அது எதற்குப் போய்ச் சேரும்? முதல் பலகைதானே இதற்கு வாசற்படி. அதன் ஓரத்தில் தேங்காயை வைத்தார், கொடுவாளைத் திருப்பிப் பிடித்தார், முழு மனதோடு ஓங்கினார்.

"அண்ணா!" என்று நான் அலறியது காற்றில் போயிற்று.

ஈரக் கையில் தேங்காய் வழுக்கியது. கொடுவாளின் மூக்கு நேராக, பட்டை இல்லாத விளிம்பில் இறங்கியது. பட்டென்று ஒரு சத்தம். பலகை முழுக்க ஒரே நொடியில் வெளுத்தது. கீழே தெரிந்த பள்ளத்தாக்கு காணாமல் போயிற்று. அதற்குப் பிறகும் சற்று நேரம் நொறுநொறுவென்று உள்ளே வெடித்துக்கொண்டே இருந்தது. தேங்காய் உருண்டு போய்க் கருங்கல்லில் இடித்து நின்றது. அது உடையவில்லை.

கருப்பன் அந்த வெளுத்த பலகையையும் முழுத் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஆளுடைய முகம் அப்படி இடிந்து போனதை நான் பார்த்ததில்லை. கொடுவாளைக் கீழே வைத்தார்.

"தாயி வேணான்றா" என்றார் மெதுவாக.

"சகுனம் சரியில்ல" என்றார் சடையன் கவுண்டர். "தேங்கா நிக்குது, தரை ஒடையுது. மூடிடலாம்." பங்காளிகள் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். புதுப் புடவைகளும் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

எனக்கு மண்டைக்கு ஏறியது. "எங்க போறீங்க எல்லாரும்? நில்லுங்க!" என்று போட்ட சத்தத்தில் பாதிப் பேர் நின்றார்கள். "தாயி வேணான்னா ஆறு பலகையும் இல்ல ஒடைச்சிருப்பா? ஒடஞ்சது மேல் அடுக்கு. கீழ ரெண்டு அடுக்கு கல்லு மாதிரி கெடக்குது. ஒடையும், வுழாதுன்னு நான் மொதல் நாளே சொன்னேன். இப்பப் பாருங்க." ஒரு கோணியை உதறி அந்தப் பலகை மேல் விரித்தேன், சில்லு காலில் குத்தக்கூடாதே என்று. ஏறி நடுவில் நின்றேன். குனிந்து இரண்டு பக்கமும் ஓரத்தைப் பார்த்தேன். கீழ் அடுக்குகளில் ஒரு கீறல் இல்லை. பிறகு குதித்தேன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசான சோதனை இல்லை. பலகை அசையவில்லை.

கருப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நீ நிப்ப. ஒன் சரக்கு" என்றார். கோபமில்லை, கேலியில்லை. "ஒன் சரக்கு மேல நீ நிக்காம வேற யாரு நிப்பா?"

கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் வாய்க்கு வாய் கொடுக்கிறவள், கோணி மேல் சும்மா நின்றேன். அவர் கேட்டது நியாயம்தானே.

மாதம்மாள் நடந்து வந்தார். என் தோளில் கைவைத்து, இறங்கு என்பதுபோல் லேசாக நகர்த்தினார். நான் இறங்கினேன். அவர் ஏறி, கோணி மேல் பள்ளத்தைப் பார்த்து நின்றார். அந்த அடுக்குகளை எனக்குத் தெரியும், பிரியதர்ஷினியின் கணக்கையும் தெரியும். இருந்தும் குனிந்து கீழ் அடுக்குகளை மறுபடி ஒரு முறை பார்த்தேன். நம்மை நம்பி வேறொருவர் ஏறி நிற்பது நாமே நிற்பது மாதிரி இல்லை.

"மாதம்மா!"

கருப்பன்தான். ஊரே திரும்பிற்று.

"எறங்கு மாதம்மா! எறங்குடி!"

மாதம்மாள் திரும்பவில்லை. "யாருகிட்ட பேசறது? செவலை இங்க வரலையே."

"ஒன்கிட்டதான் சொல்றேன். எறங்கு."

"தையில இருந்து ஒரு வார்த்த இல்ல. இப்ப மட்டும் இன்னா?"

"வுழுந்துடுவடி!"

"வுழுந்தா வுழறேன். பேசாதவருக்கு நான் கீழ இருந்தா இன்னா, மேல இருந்தா இன்னா?"

"மாதம்மா..." அவர் குரல் உடைந்தது. கையை நீட்டினார். மாதம்மாள் அதைப் பிடிக்கவில்லை.

"நீ வந்து எறக்கு" என்றார்.

கருப்பன் ஒரு காலை எடுத்து விளிம்பில் வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடுத்த காலையும் வைத்தார். கையால் துழாவி மாதம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார், பிடித்து இழுத்தார். மாதம்மாள் நகரவில்லை.

"கண்ணத் தொறய்யா" என்றார் மாதம்மாள்.

கருப்பன் கண்ணைத் திறந்தார். கீழே பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. மாதம்மாளின் முகத்தைத்தான் பார்த்தார்.

"பேசலாம்னுதான் வந்தேன்" என்றார். "மூட்டைங்க ராவெல்லாம் அங்க கெடந்துச்சே, அன்னிக்கே முடிவு பண்ணேன். தேங்காய ஒடைச்சிட்டு, அப்பால ஒன்கிட்ட பேசலாம்னு இருந்தேன். அது ஒடையல."

மாதம்மாள் சிரித்தாரா அழுதாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. "வாயத் தொறக்க தேங்கா எதுக்குய்யா ஒனக்கு?" என்று கருப்பன் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். அவர் வாங்கிக்கொண்டார். மணிக்கட்டை விடவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், தணிந்த குரலில். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் சேர்ந்தது, லேசில் தீருமா?

சடையன் கவுண்டர் தொண்டையைச் செருமினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் பலகையை நோக்கி நடந்தார். பின்னாலேயே பங்காளிகள், அவர்களுக்குப் பின்னால் புதுப் புடவைகள்.

"அங்கயே நில்லுங்க!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "ஒடஞ்ச பலகைய்யா அது, திருவிழாவா நடக்குது? ராஜ்குமாரு, ஜீப்ல இருக்கற நீள மரப்பலகையக் கொண்டா. பக்கத்துல இரும்புச் சட்டத்து மேல போட்டு, அது மேல நடந்து ரெண்டாவது பலகைக்குப் போங்க. ஒடஞ்சதுல ஒருத்தரும் கால வெக்கக் கூடாது. புதுசு நான் போட்டுத் தர்ற வரைக்கும் அதுக்குக் கயிறு கட்டி வெக்கணும். யாரும் ஏறக் கூடாது, சொல்லிட்டேன்!"

கவுண்டர் உட்பட எல்லோரும் அடங்கி வரிசையில் நின்றார்கள். ராஜ்குமார் கயிற்றைக் கொண்டுவந்து, கோணி மேல் நின்ற இரண்டு பேரையும் காட்டி, "அவங்கள எறங்கச் சொல்லட்டுங்களாக்கா?" என்று கேட்டான்.

"பேசி முடிக்கட்டும்" என்றேன்.